மக்னீசியப் போத்தல்

தரம் ஐந்துக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். மேசையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பேன். "டீச்சருக்குக் கால் இழுத்திட்டு" என்று முன்வாங்குப் பிள்ளைகள் எல்லோருக்கும் அறிவிப்பார்கள்.

இதைக் கேள்விப்பட்ட என் தம்பி, கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது ஒரு பெரிய போத்தல் மக்னீசியக் குளிசை கொண்டுவந்தான். தசையும் நரம்பும் ஒழுங்காக வேலை செய்ய மக்னீசியம் வேண்டுமாம். தினம் ஒன்றாக ஒரு கிழமை குடித்தேன். கால் இழுக்கவில்லை. அந்தக் கிழமை பள்ளிக்கூட விடுமுறை என்பதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அதன்பிறகு எங்கள் தெருவுக்கு நான்தான் டொக்டர். களைப்பு என்றவர்களுக்கும் நித்திரை இல்லை என்றவர்களுக்கும் கொடுத்தேன். அக்கரைப்பற்றிலிருக்கும் என் மூத்த சகோதரி, ராத்தா, கால் நோகுது என்றதும் தாளில் மடித்து அவவுக்கும் அனுப்பினேன்.

கடையில் நின்று களைத்துவரும் என் கணவருக்கு எதுவும் உடனே நடக்க வேண்டும். மருதமுனையில் ஒரு கலியாணத்துக்குப் போன அன்று காலையில் மூன்று குளிசையை ஒன்றாக விழுங்கியிருக்கிறார். நாலைந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹனில் கைவைத்த மனிதர், கடைசி இனிப்பான வட்டிலப்பம் வருவதற்குள் நான்கு தடவை எழும்பி ஓடினார். பின்னேரம் டொக்டரிடம் கூட்டிப்போனேன்.

டொக்டர் சிரித்துவிட்டார். "மலச்சிக்கலுக்கே இதைத்தான் குடுக்கிற. மூண்டு குடிச்சா வகுத்தால போகாம என்ன செய்யும்?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "வேற ஆருக்கும் குடுத்தீங்களா டீச்சர்? கிட்னி வருத்தம் உள்ள ஆக்களுக்கு?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ராத்தா மாதாமாதம் கிளினிக் போவதே கிட்னிக்குத்தான்.

"நல்ல கிட்னி எண்டா மிஞ்சின மக்னீசியத்த வெளியேத்திரும். பழுதான கிட்னிக்கு அது ஏலாது. உடம்பில சேர்ந்தா இதயத்துக்கே ஆபத்து."

அங்கிருந்தே போன் எடுத்தேன். "ராத்தா, நான் அனுப்பின குளிசையக் குடிச்சீங்களா?"

"எங்க புள்ள! குதிரைக்குக் குடுக்கிற அளவில இருக்கு. தொண்டையால இறங்காதெண்டு வெச்சிட்டன்."

"அல்ஹம்துலில்லாஹ்! கொண்டுபோய் எறியுங்க."

"ஏன், நல்ல சாமானெண்டு நீதானே சொன்ன?"

"பிறகு சொல்றன்" என்று போனை வைத்தேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கதிரையில் சோர்ந்திருந்த கணவர், "நான் செத்துக் கிடக்கிறன், இவ ராத்தாவுக்கு அழுகிறா" என்றார். டொக்டர் மறுபடியும் சிரித்தார்.

என் காலைப் பற்றியும் விசாரித்தார். நாள்முழுக்க நிற்கிறேன், பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிப்பதில்லை என்றேன். "முதல்ல தண்ணியக் குடிங்க. மக்னீசியம் கீரையில, கச்சான் கடலையில, குரக்கன் மாவில, பூசணி விதையில எல்லாம் இருக்கு. அதுக்கும் மேல குறை இருக்கா எண்டு இரத்தத்தப் பார்த்துத்தான் சொல்லலாம்."

பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. இப்போது இடைவேளையில் தண்ணீர் குடிக்கிறேன்; கால் எப்போதாவதுதான் இழுக்கிறது. கணவர் பூசணி விதையை வறுத்துக் கடைக்கே கொண்டுபோகிறார். ஒவ்வொன்றாகத்தான் கடித்துத் தின்கிறாராம்.