செம்பை வீட்டில் வைத்துவிட்டு வா

போன செவ்வாய்க்கிழமை காலையில் என் வலது கை பாதியில் நின்றுவிட்டது.

பயந்துவிடாதீர்கள்... வாதம் கீதம் ஒன்றும் இல்லை. கையில் செம்புத் தண்ணீர் இருந்தது. எதிரே தெருக் குழாய் மாதிரி ஒரு குழாய், எங்கள் வளவுக்குள். குழாயின் வாயில் அந்தத் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டுக் குடத்தை வைக்க வேண்டும். மூன்று மாதப் பழக்கம். கை தூக்கியாகிவிட்டது. ஊற்ற வரவில்லை.

எல்லாம் ஒரு புத்தகத்தால் வந்தது.

நூலகத்தில் இருக்கிற பெண் பிள்ளை எனக்கு எப்போதும் பெரிய எழுத்துப் புத்தகமாகப் பார்த்து எடுத்துத் தருவாள். இந்த முறை தந்தது மொழிபெயர்ப்பு நாவல். "பதினஞ்சு வயசுப் பிள்ளையளுக்கு எழுதுனதும்மா, லேசா படிச்சிருவிய" என்றாள். லேசாகவா படித்தேன்? ஒன்பது நாள் ஆயிற்று. நடுவில் இரண்டு நாள் அதைத் தொடவே மனம் வரவில்லை.

கதை பல காலத்துக்கு முந்தியது. பருத்தி விளைகிற ஒரு வெளிநாட்டு ஊர். கடைத்தெருவில் ஒரே சுவரில் இரண்டு குழாய். ஒன்று வெள்ளைக்காரர்களுக்கு, இன்னொன்று கறுப்பு மக்களுக்கு. இரண்டாவது குழாயைப் போட்டுக் கொடுத்தவர் ஊரில் நல்ல பேர் எடுத்த பெரிய மனிதர். பருத்தி மூட்டை இறக்க வந்த ஒரு கறுப்பு மனிதர் வெயிலில் மயங்கி விழுகிறார். பக்கத்தில் இருப்பதோ வெள்ளைக்காரர் குழாய். பன்னிரண்டு வயது வெள்ளைக்காரச் சிறுமி ஒருத்தி இரண்டு கையிலும் தண்ணீர் ஏந்தி வந்து அவர் வாயில் விடுகிறாள். அவ்வளவுதான்... ஊரே அந்தக் குடும்பத்தோடு பேச்சை நிறுத்துகிறது. "மன்னிப்புக் கேள்" என்கிறார் அப்பா. அவள் கேட்கவில்லை. நடந்து போய், எல்லோரும் பார்க்க, அந்த இரண்டாவது குழாயில் தண்ணீர் குடிக்கிறாள்.

படித்துவிட்டு அழுதேன். அந்த ஊர்க்காரர்களை வாய் வலிக்கத் திட்டினேன். "இதுகளெல்லாம் மனுச ஜென்மமா?" என்று தனியாக உட்கார்ந்து சுவரைக் கேட்டேன்.

மறுநாள் காலையில் குடத்தையும் செம்பையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்!

எங்கள் வளவில் ஐந்து குடித்தனம். ஒரு குழாய். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர், அதுவும் ஒரு மணி நேரம். கடைசி வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு முன்பு ஒடிசாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அவள் பெயர் சபிதா. புருஷனுக்குத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிற இடத்தில் வேலை. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. இரண்டு தெருவில் "இந்திக்காரங்களுக்கு வீடு கிடையாது" என்று கேட்டுவிட்டு இங்கே வந்தவர்கள். இதையும் விட்டால் துறைமுகத்துப் பக்கம் தகரக் கொட்டகைதான் கதி.

வந்த முதல் வாரத்திலிருந்தே, அவள் குடத்தை எடுத்ததும் அடுத்த ஆள் குழாய்க்குச் செம்புத் தண்ணீர் ஊற்றுவது நடந்தது. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. நானும் ஊற்றினேன். கேட்டால் சுத்தம் என்போம்.

சபிதாவுக்குத் தமிழ் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். ஆனால் செம்புத் தண்ணீர் ஊற்றுவதைப் புரிந்துகொள்ளத் தமிழ் எதற்கு? ஒரு மாதத்திலேயே எல்லோரும் பிடித்து முடிக்கும் வரை ஒதுங்கி நிற்கத் தொடங்கினாள். அவள் முறை வரும்போது குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். அரைக் குடத்தோடு திரும்புவாள். அந்தச் செவ்வாய்க்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் போல... முதல் ஆளாக வந்து பிடித்துவிட்டாள். அடுத்தது நான்.

நின்ற கையோடு நான் யோசித்தது ஒன்றே ஒன்று. எனக்கு முன்னால் எதிர்வீட்டு மரகதம் பிடித்தால் நான் கழுவுகிறேனா? இல்லையே! அப்புறம் எங்கே இருக்கிறது சுத்தம்?

இத்தனைக்கும் நான் இருபது வருடம் இறால் கம்பெனியில் உரித்தவள். வேலை முடிந்து மினி பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவாள். அது எப்படிச் சுடும் என்று தெரிந்த கைதான் இந்தச் செம்பைத் தூக்கியது. வெட்கமாக இருந்தது.

செம்பைக் கீழே வைத்தேன். குடத்தை நேரே குழாயடியில் வைத்தேன்.

"யக்கா, தண்ணி ஊத்த மறந்துட்டியளா?" பின்னால் மரகதம்.

"மறக்கல."

"பின்ன? அவ குடம் இருந்த எடம்லா!"

"நீ பிடிச்ச பொறவு நான் என்னைக்காவது கழுவிருக்கேனாளா?"

"நானும் அவளும் ஒண்ணா? எந்த ஊரோ, என்ன ஆளுகளோ... அவளும் அவ கறுப்பும்!"

"கறுப்பா? ஏளா, நீயும் நானும் வெள்ளைக்காரியளா? வீட்டுல கண்ணாடி இருக்கா, இல்லையா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மரகதத்துக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு பேர் இருக்கும் இடத்தில் நான் வாய் திறந்தது கிடையாது. பத்திரிகையில் உங்களோடு வாரா வாரம் பேசுகிறேனே என்று நினைக்காதீர்கள். உங்கள் முகம் எனக்குத் தெரியாது, அதனால் பேசுகிறேன்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் வீட்டுக்காரர் என்றால் எங்களுக்கு அண்ணாச்சிதான். இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டு, ரொம்பக் கனிவாகச் சொன்னார்:

"சண்டை எதுக்கும்மா? பாவம், அந்தப் புள்ளையும் பொழைக்க வந்ததுதான. வாசக் கேட்டு பக்கத்துல அதுக்குன்னு தனியா ஒரு குழாய் போட்டுக் குடுத்துருதேன். அதுக்கும் சங்கடம் இல்ல, உங்களுக்கும் சங்கடம் இல்ல."

"அண்ணாச்சி மனசு யாருக்கு வரும்!" என்றாள் மரகதம். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நாவலில் இரண்டாவது குழாய் போட்டவரும் நல்லவர்தானே?

சபிதா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தை அவள் தோளில் துவண்டு கிடந்தது.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "தனிக் குழாய் போடாதிய."

"ஏன்க்கா? நல்லதுக்குத்தான சொல்லுதேன்."

"போட்டியன்னா நானும் அதுலதான் பிடிப்பேன்."

அவர் சிரித்தார். கிழவி ஏதோ சொல்கிறாள் என்று நினைத்திருப்பார். வியாழக்கிழமை பிளம்பர் வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குப் புதுக் குழாய் போட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை தண்ணீர் நாள். குடத்தை எடுத்தேன். பழைய குழாயில் நிற்கிற மூன்று வீட்டு ஆட்களையும் தாண்டித்தான் கேட்டுக்குப் போக வேண்டும். பதினைந்து தப்படி இருக்கும். ஹார்பர் வரைக்கும் நடந்த மாதிரி இருந்தது. சபிதா குடத்தை நகர்த்தி இடம் கொடுத்தாள். "மௌசி" என்றாள். அவர்கள் ஊரில் பெரியம்மாவை, சித்தியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவள் பிடித்த பிறகு நான் பிடித்தேன். கழுவவில்லை.

அன்றிலிருந்து மரகதம் என்னோடு பேசவில்லை. எப்போதும் வருகிற குழம்புக் கிண்ணமும் வரவில்லை. அவள் வைக்கிற சாளைக் குழம்பு நன்றாக இருக்கும்... அது கொஞ்சம் வருத்தம்தான். போகட்டும்.

திங்கட்கிழமைதான் வேடிக்கை. எங்கள் வளவு தெருவைவிட மேடு. புதுக் குழாய் மெயின் பைப்புக்குப் பக்கம், அதுவும் தாழ்வாக இருக்கிறது. தண்ணீர் விட்டதும் இங்கே பீறிட்டுக்கொண்டு வருகிறது. அங்கே பழைய குழாய் இருமிக்கொண்டு நிற்கிறது!

கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு மரகதம் வந்தாள். ஒரு கையில் குடம். இன்னொரு கையில் செம்பு.

அவளைப் பார்த்ததும் சபிதா பழக்க தோஷத்தில் ஒதுங்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வரிசையில வா மரகதம்" என்றேன். இந்த முறை குரல் எனக்கே நன்றாகக் கேட்டது. "செம்பை வீட்டுல வச்சுட்டு வா."

"இது என்ன, உங்க குழாயா?"

"ஆமா. எங்க ரெண்டு பேருக்குன்னு போட்டதுலா? அண்ணாச்சிட்ட வேணா கேட்டுக்கோ."

முறைத்தாள். பழைய குழாயைத் திரும்பிப் பார்த்தாள். அது சொட்டுவதையும் நிறுத்தியிருந்தது. விருட்டென்று போனாள். திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் குடம் இருந்தது. செம்பைக் காணோம்.

அவள் மனம் மாறிவிட்டது என்று நான் எழுதப் போவதில்லை. நாவலில் வேண்டுமானால் அப்படி எழுதலாம். தண்ணீர் வேண்டும், வந்தாள். எனக்கு அது போதும். செம்பு இல்லாமல் வந்தாளா, இல்லையா?

மரகதம் இரண்டு குடத்தையும் நிரப்பிக்கொண்டு நிமிர்ந்தாள். அடுத்தது சபிதா, இரண்டாவது குடத்துக்கு. குடத்தை வைக்கப் போனவள் ஒரு நிமிஷம் நின்றாள். மரகதத்தைப் பார்த்தாள். பிறகு, வெறும் கையைச் செம்பு மாதிரி குவித்து, குழாயின் தலையில் இல்லாத தண்ணீரை நிதானமாக ஊற்றினாள்... ஊற்றிவிட்டுச் சிரித்தாள்.

அதற்கும் தமிழ் தேவைப்படவில்லை.