ஈசானிய மூலையும் மாஷிமாவின் குளமும்

வீடு வாங்கிய மூன்றாவது வருஷம் எங்கள் கக்கூஸில் தண்ணீர் இறங்க மறுத்தது. நகரத்துக்குள் டாக்குரியாவில் வாடகைக்கு இருந்தவரை மண்ணுக்கு அடியில் இப்படியொரு விவகாரம் நடக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அங்கிருந்து ரயிலில் அரைமணி தெற்கே தள்ளி, பாதாளச் சாக்கடை எட்டாத ஊரில் பழைய வீடொன்றை வாங்கிய பிறகு, செப்டிக் டேங்க்கும் குடும்பத்தில் ஓர் ஆளாகிவிட்டது. லாரி வரவழைத்து இரண்டு முறை உறிஞ்சினோம். மூன்றாம் முறை வந்த கொத்தனார் மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்சுவர் இடிந்துவிட்டது, ஆனால் இடம் நல்ல இடம், இதே குழியில் புதிதாகக் கட்டிவிடலாம் என்று பெங்காலியில் சொன்னார். அத்தோடு தலையாட்டியிருக்க வேண்டும்.

கெட்ட நேரம், அந்த வாரம் பார்த்து மதுரையிலிருந்து என் மச்சான், மனைவியின் அண்ணன், வந்திருந்தார். செல்போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தவர், டேங்க் மூடிமேல் நின்றுவிட்டார்.

"மாப்ள, இது ஈசானிய மூலை. சாமி ரூம் இருக்க வேண்டிய எடத்துல பீத்தொட்டியக் கட்டி வச்சிருக்கானுக. அப்புறம் ப்ரமோஷன் எங்கிட்டு வரும்?"

நியூ டவுன் ஆபீஸில் வாஸ்து பார்க்கிறவர்களை உட்காரவைத்துக் கிண்டலடிப்பவன் நான்தான். ஆனால் இரண்டு வருஷமாக ப்ரமோஷன் கைநழுவிப்போனது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று அன்று ஆடிப்போனேன். என் மனைவி போனில் சொல்லியிருப்பாள் என்பது என் மரமண்டையில் உறைக்கவே இல்லை. வடமேற்குதான் வாயு மூலை, டேங்க்கை அங்கே மாற்றிவிடுங்கள் என்றார். மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வடமேற்கில் எங்கள் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பத்தடியில் மாஷிமாவின் குளம். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் எழுபது வயது அம்மாள் அவர். மாஷிமா என்றால் நம் பெரியம்மா, சித்தி மாதிரி. தெருவே அப்படித்தான் கூப்பிடும். என்னை அவர் பாபா என்பார், மகனே என்கிற மாதிரி. குளம் என்று பெயரே தவிர, பெரிய கல்யாண மண்டபத்துக்குள் அடங்கிவிடும். அதில்தான் அவர் தினமும் குளிப்பார், பாத்திரம் கழுவுவார், மீன் வளர்ப்பார். எங்கள் வீட்டில் மீன் ஆகாது என்பதால், கரையில் படர்ந்த வள்ளைக்கீரையைப் பறித்து வேலி வழியாக நீட்டுவார்.

கொத்தனார் புது இடத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். தாதா என்றால் இங்கே அண்ணன்.

"தாதா, இங்க மழைக்காலத்துல தண்ணி மேல வந்துடும். உங்க உறிஞ்சுகுழித் தண்ணியும் குளத்துத் தண்ணியும் ஒண்ணாயிடும்."

"என் எடத்துல நான் கட்டிக்கிறேன். நீங்க வேலையைப் பாருங்க" என்றேன். எனக்கு அப்போது அவ்வளவு கொழுப்பு. அவர் சிமெண்ட் உறைகளை இறக்கினார்.

ஆடி மாத மழையில் குளம் பச்சையாகி, பிறகு கறுத்தது. மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. மாஷிமாவுக்குக் கையெல்லாம் அரிப்பு; குளிப்பதை நிறுத்திவிட்டார். நாற்றம் எங்கள் சமையலறை வரை வந்தது. எங்கிருந்து வருகிறது என்று எனக்கு முதல் நாளே தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வேலியோரம் வந்து நின்றார். நான் தயாராகத்தான் இருந்தேன். கத்தினால் ஒப்புக்கொண்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

"பாபா, என் டேங்க்தான் ஒழுகுது போலிருக்கு. மாமனார் காலத்துல கட்டினது. உன்னோடது புதுசு, அதுல ஒண்ணும் இருக்காது. இல்லையா?"

"ஆமா மாஷிமா" என்றேன். நாக்கு கூசாமல் சொன்னேன்.

"ஏங்க, போய்ச் சொல்லிருங்க. வயசானவங்க" என்றாள் மனைவி. துர்கா பூஜை முடியட்டும் என்றேன். பூஜை முடிந்தது. காளிபூஜை முடியட்டும் என்றேன். அதற்குள் மாஷிமா தன் வீட்டு டேங்க்கை இடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். நல்ல கொத்தனார் யாராவது தெரியுமா என்று என்னிடமே கேட்டார். வெட்கங்கெட்டவன், நம்பர் கொடுத்தேன்.

அதே கொத்தனார்தான் வந்தார். மாஷிமாவின் பழைய டேங்க்கைத் திறந்து பார்த்தவர், வேலிக்கு மேலாக என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த டேங்க் கல் மாதிரி இருந்திருக்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் பழசுதானே, மாற்றினால் நல்லதுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வேலை நடந்த பன்னிரண்டு நாளும் மாஷிமா எங்கள் வீட்டுக் கக்கூஸுக்குத்தான் வந்தார். நாங்கள்தான் கூப்பிட்டோம். காலையில் சொந்த வாளியும் பினாயில் பாட்டிலுமாக வந்து, கதவருகே தயங்கி நிற்பார். முடிந்ததும் உள்ளே குனிந்து தேய்த்துக் கழுவும் சத்தம் கேட்கும். வேண்டாம் மாஷிமா என்று மனைவி கெஞ்சினாலும் கேட்கமாட்டார். அந்த நேரத்தில் நான் மாடிக்குப் போய்விடுவேன். அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்று நினைத்தால் சாப்பாடு இறங்காது.

கோடையில் அந்தக் கொத்தனாரையே கூப்பிட்டு, டேங்க்கைப் பழையபடி ஈசானிய மூலைக்கே மாற்றினேன். சின்ன ரிப்பேர் என்று மாஷிமாவிடம் சொன்னேன். மச்சானிடம் சொல்லவில்லை. அடுத்த மழைக்காலத்தில் குளம் கறுக்கவில்லை. தான் புது டேங்க் கட்டியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று மாஷிமா தெரு முழுக்கச் சொன்னார். தன் வீட்டு அழுக்குதான் குளத்தைக் கெடுத்தது என்றும் கூச்சப்படாமல் எல்லாரிடமும் சொன்னார்.

துர்கா பூஜை முடிந்தால் இங்கே வீடு வீடாகப் போய், பெரியவர்கள் காலைத் தொட்டு, இனிப்பு சாப்பிட்டு, வருஷத்து மனத்தாங்கலையெல்லாம் தீர்த்துக்கொள்ளும் வழக்கம். விஜயா என்பார்கள். சின்னவர்கள்தான் பெரியவர்களைத் தேடிப் போக வேண்டும். அந்த வருஷம் நாங்கள் கிளம்புவதற்கு முன்பே மாஷிமா தேங்காய் உருண்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"போன வருஷமே வந்திருக்கணும். ஒரு மழையைப் பார்த்துட்டு வரலாம்னு இருந்தேன்" என்றார். "அத்தனை மாசம் என் வீட்டு நாத்தத்தைப் பொறுத்துக்கிட்டீங்க, ஒரு வார்த்தை சொல்லலை. உன்னோடதா இருந்திருந்தா நான் விட்டிருப்பேனா பாபா? வேலிகிட்ட நின்னு நாலு நாள் கத்தியிருப்பேன். அஞ்சாம் நாள் கீரை கொடுத்திருப்பேன். உங்களுக்குப் பெரிய மனசு. என்னை மன்னிச்சுடு."

என் மனைவி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். மாஷிமா நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லை மாஷிமா" என்றேன். "விடுங்க, நடக்கறதுதானே."