றோசலினைக் கூட்டிப்போகாமல் வாங்கிய கார்

1. கார் எதற்குத் தேவைப்பட்டது.
2. கடலோரம் ஓடிய காரை ஏன் வாங்கக் கூடாது.
3. கார் பார்க்க வீட்டுப் பெண்களை ஏன் கூட்டிப்போகக் கூடாது.
4. வாங்கிய பிறகு நடந்தது.

என்னோடு கந்தோரில் வேலை செய்த நண்பர் ஒருவர், தினமும் ஓட ஒரு பழைய சிறிய கார் வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருந்தார். போன கிழமை அவருக்கு அனுப்பிய குறிப்புகளின் ஒழுங்கில்தான் இதையும் எழுதுகிறேன். ஒழுங்கில்லாமல் எழுத எனக்கு வராது. ஒழுங்காக எழுதினாலும் சரியாக இருக்குமா என்பது வேறு கதை...

காரின் கதவைத் திறந்ததும் உமித் தூசும் கற்பூரமும் கலந்த ஒரு மணம் வந்தது.

கடல் காற்று எட்டாத கந்தளாயில், ஒரு நெல் ஆலை முதலாளியின் கொட்டகைக்குள் நான் வாங்கிய அந்தக் கார் நின்றது. ஏழெட்டு வருடத்துக்கு முந்திய கதை. நான் கீழே குனிந்து ரோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு பொட்டுக் கறல் இல்லை, துருவே பிடிக்காத இரும்பு. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கார் தேவைப்பட்டது என் மனைவி றோசலினுக்காக. அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மாதத்தில் இரண்டு தரம் கிளினிக், செவ்வாய்க்கிழமைகளில் நவநாள் பூசை. ஓட்டோவில் போய் வந்தால் குலுக்கலில் இரவெல்லாம் கால் வலிக்கும். அவள் முனகுவதில்லை. தைல மணம்தான் எனக்குச் சொல்லும்.

இரண்டு வருடம் தேடினேன். நீர்ப்பாசனக் கந்தோரில் படம் வரைந்தவன் நான். ஒரு கோடு போட முன் மூன்று தரம் அளப்பேன். கொப்பி ஒன்றில் இருபத்திரண்டு விஷயம் எழுதி வைத்திருந்தேன். கதவிலும் மட்காட்டிலும் பட்டி பூசியிருக்கிறார்களா என்று பார்க்க, பொக்கற்றில் ஒரு காந்தத் துண்டு; பட்டி இருந்தால் அது ஒட்டாது. கூட வந்த மெக்கானிக் நேசன் பொறுமைசாலி. அவரே ஒருநாள் கேட்டுவிட்டார்.

"ஐயா, கார் வாங்க வந்தனீங்களோ, பிரேத பரிசோதனைக்கு வந்தனீங்களோ?"

கந்தளாய்க் காருக்கு முன்பு, எங்கள் துறைமுகப் பக்கத்திலேயே ஒன்று பார்த்தோம். ஓய்வுபெற்ற தாதி ஒருவருடையது. கொஞ்சம் உயரமான, பெட்டி மாதிரியான கார். நன்றாக ஓடியது. ஆனால் கதவுகளின் அடியில் கடல் உப்புக் காற்றுப் பட்ட கறல்.

"இது மேல் கறல், ஐயா. சுரண்டிப் பூசினாச் சரி. திருகோணமலையில கறல் இல்லாத இரும்பு எங்கை கிடக்கு?" என்றார் நேசன்.

நான் கொப்பியில் குறுக்குக் கோடு போட்டுவிட்டேன். அந்தத் தாதி கேற் வரை வந்தார். "உங்கட வீட்டம்மாவை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வந்து இருத்திப் பாருங்கோவன்" என்றார். விற்பதற்கான கதை என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

எங்கள் பக்கத்தில் கார் பார்க்கப் போவது ஆண்கள்தான். ஃபாதர் தீர்த்தம் தெளிக்கிற அன்றுதான் பெண்கள் காரைப் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பிடித்தது முகத்தில் தெரிந்துவிடும், பிறகு விற்பவன் விலையில் இறங்கி வரமாட்டான் என்பார்கள். கந்தளாய்க்குப் புறப்பட்ட காலையில் றோசலின் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நானும் வரட்டே?"

"நீர் வரவேண்டாம். உம்மட முகம் காட்டிக் குடுத்திடும்" என்றேன்.

அவள் சிரித்தாள். சேலையை மாற்றாமலே குசினிக்குள் போனாள்.

கந்தளாய்க் கார் வீட்டுக்கு வந்தது. ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். நான் ஒயில் மாற்றிய திகதிகளையெல்லாம் எழுதி வைத்தேன். ஆனால் சில மாதங்களில் றோசலின், "இண்டைக்கு மனமில்லை" என்று சொல்லத் தொடங்கினாள். முதலில் நவநாள் நின்றது. பிறகு தங்கையைப் பார்க்கக் குச்சவெளிக்குப் போவது நின்றது. வயது என்று நினைத்தேன். விசுவாசம் குறைகிறதோ என்றுகூட ஒருநாள் கேட்டேன்... கேட்டிருக்கக் கூடாது.

கிளினிக்குக்கு மட்டும் வருவாள். ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தியதும் நான் நம்பர் எடுக்க ஓடிவிடுவேன். பிந்தினால் பின்னுக்குத் தள்ளிவிடுவார்களே என்ற பயம். அவள் பிறகு ஆறுதலாக, மெல்ல மெல்ல வருவாள். வீட்டில் என்றால், நான் கேற் பூட்டி வர முன்னமே தூணைப் பிடித்து இறங்கி நிற்பாள்.

ஒருநாள் நம்பர் கொடுக்கிற யன்னல் திறக்கவில்லை. திரும்பி வந்தேன். கார்க் கதவு திறந்திருந்தது. றோசலின் இரண்டு கால்களையும் வெளியே வைத்து, கதவு விளிம்பைப் பிடித்து எழும்பப் பார்த்தாள். ஏலாமல் திரும்ப விழுந்தாள். வாசலில் கச்சான் கடலை விற்கும் மனுசி வந்து, இரண்டு கையையும் அவளுடைய கக்கத்துக்குள் கொடுத்துத் தூக்கினாள்.

"ஒவ்வொரு முறையும் நான்தான் தூக்கிவிடுறனான், ஐயா. சரியான பதிவான கார், நிலத்தோட கிடக்கு. கிடங்குக்குள்ள இருந்து எழுப்புற மாதிரிக் கிடக்கு" என்றாள்.

இருபத்திரண்டு விஷயத்தில் ஆசனத்தின் உயரம் இல்லை.

திரும்பி வரும்போது, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருஷமாத் தேடி வாங்கினனீங்கள். எப்பிடிச் சொல்லுறது?"

ஆசனத்தில் தலையணை வைத்துப் பார்த்தோம், வழுக்கியது. தாதியின் வீட்டுக்குப் போனேன். அந்தக் கார் எப்போதோ விற்றுப்போயிருந்தது. பிறகு வெளிநாட்டிலிருந்து கார் வருவது நின்று, பழைய கார்களின் விலை கைக்கு எட்டாமல் போய்விட்டது.

இப்போது அவளால் வீட்டுக்குள் நடப்பதே பாடு. மாத முதல் வெள்ளியில் ஃபாதர் நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அப்போது அவள் போக ஆசைப்பட்ட இடங்கள் இருந்தன, போக முடிந்த கால்களும் கொஞ்சம் இருந்தன. இப்போது கார் மட்டும் இருக்கிறது, கறல் இல்லாமல். நான் தனியே போய் மரக்கறி வாங்கி வருகிறேன்.

நண்பரே, அந்தக் குறிப்புகளை உங்களுக்கு அனுப்பும்போது மூன்றாவதைப் பழக்கத்தில் அப்படியே விட்டுவிட்டேன். அது பிழை. தயவுசெய்து வெட்டிவிடுங்கள். உங்கள் மனைவியைக் கூட்டிப்போங்கள். முதலில் அவரை ஆசனத்தில் இருந்து எழும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய முகம் காட்டிக் கொடுக்கட்டும்... அதைப் பார்க்கத்தான் நானும் றோசலினைக் கூட்டிப் போயிருக்க வேண்டும்.