பொம்மை வீட்டுக்கு நிலை வைத்தவர்

அந்த நாவலைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால், அட்டைப்படம் நன்றாக இருக்கிறது என்பேன். உள்ளே இருப்பது என் அப்பாவைப் பற்றிய பொய்.

பண்டாரவளைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் பழைய பங்களா இப்போது ஹோட்டலாக இருக்கிறது. அதன் முன்னறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், சீமையிலிருந்து துரை மகளுக்குக் கப்பலில் வந்த பொம்மை வீடு நிற்கிறது. அதன் வாசலைக் கறையான் அரித்தபோது, தோட்டத்தில் தச்சு வேலை பார்த்த என் அப்பாதான் புது நிலை செய்து பொருத்தினார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. மறுவாரம் துரைசாணியின் மோதிரம் காணாமல் போனது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில், அத்தனை பேர் முன்னிலையில் அவரைக் கள்ளன் என்றார்கள். கணக்கு முடித்து, வேலை நீக்கும் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டே விரட்டினார்கள். மடுல்சீமைக்கு வந்து குடியேறியவர் அந்தப் பக்கம் திரும்பிப் போகவேயில்லை. கூடப் பிறந்த அக்காவின் சாவுக்கும் போகவில்லை. அக்கா குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் போக அந்தப் பெரட்டுக் களத்தைத் தாண்ட வேண்டும்.

கொழும்பிலிருந்து வந்த ஒரு நாவலாசிரியை அந்தப் பொம்மை வீட்டைக் குடைந்து பார்த்திருக்கிறார். நிலைக்கு அடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. அதற்குள் தானியமும் மோதிரமும். போதாதா? ஆங்கிலத்தில் ஒரு மர்ம நாவல் எழுதிவிட்டார். அதில் தச்சன் மோதிரத்தைத் திருடி, செய்வினை வைத்து, வெள்ளைக்காரக் குடும்பத்தை ஒவ்வொருவராகச் சாகடிக்கிறான். பங்களாவில் நடந்த வெளியீட்டுக்குப் பதுளை ஆங்கில ஆசிரியர்களை அழைத்திருந்தார்கள். நானும் போனேன். செய்வினை வைக்கும் பக்கத்தை அவர் என் முன்னாலேயே வாசித்தார்.

செய்வினையாம்! வாசலுக்கு நிலை வைக்கும்போது அடியில் நவதானியமும் மஞ்சளும் பொட்டுத் தங்கமும் வைப்பது எங்கள் வழக்கம். பொம்மை வீடானாலும் வீடுதானே என்று அப்பா வைத்திருக்கிறார். இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். பக்கத்தில் நின்று பார்த்த துரை மகளிடம், "தங்கமும் வைக்கணும் பாப்பா, நம்மகிட்ட ஏது?" என்று சிரித்தாராம். ஆயாவிடம் தமிழ் பழகிய பிள்ளை அது. "முடிச்ச நான் போடுறேன்" என்று துணியை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடி, கட்டிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. அப்பா அதைப் பிரித்துப் பார்க்காமலே நிலைக்கு அடியில் வைத்துவிட்டார். முடிச்சுக்குள் மோதிரமும் போயிற்று என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

விழா முடிந்ததும் நாவலாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடிப் பெட்டியில் மோதிரத்துக்குப் பக்கத்தில் 'வேலைக்காரன் திருடியது' என்று எழுதி வைத்திருந்த அட்டையையும் காட்டினேன்.

"அருமையான கதை மிஸ்! ஆனா புத்தகம் அச்சாயிட்டுதே. இதெல்லாம் கற்பனைதானே?" என்றார்.

அவரும் தமிழ்ப் பெண்தான் என்பதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். ஹோட்டல் மனேஜரிடம் அட்டையை எடுக்கச் சொன்னால், அதை வாசிக்கத்தான் ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டார். இரண்டு பேரையும் அறைந்திருக்க வேண்டும். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அதற்காக இன்னும் என்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"அந்தப் புள்ள பெரட்டுல அவங்க அம்மா கையப் புடிச்சிக்கிட்டு நின்னுச்சு. ஒரு வார்த்த சொல்லல," என்றார். பிறகு, "நீ போய்ச் சொல்லு. அதே பெரட்டுல சொல்லு. நான் சாகுறதுக்குள்ள சொல்லிரு," என்றார்.

போனேன். பெரட்டுக் களத்தில் கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் நின்றிருந்தார்கள். வேலை பிரிக்கும் கணக்கப்பிள்ளை மணியைப் பார்த்துவிட்டு, "சுருக்கா சொல்லுங்க டீச்சர்," என்றார். அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவர் கள்ளன் இல்லை, மோதிரத்தை வைத்தது துரை மகள் என்று தொண்டை கிழியச் சொன்னேன்.

"யாருங்க அவரு?" என்று ஒருத்தி கேட்டாள்.

அவர்களில் மூத்தவளிடம் திரும்பினேன். அவளும் உதட்டைப் பிதுக்கினாள். அவரைத் தூற்றியவர்கள் எல்லோரும் செத்துப் போயிருந்தார்கள். அறுபது வருஷம் அவர் முகம் காட்டக் கூசிய ஊரில் அவரை ஒரு ஆளுக்கும் தெரியவில்லை. இனி அவரைக் கள்ளன் என்று சொல்ல அந்த அட்டையும் புத்தகமும்தான் இருக்கின்றன. கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட ஆரம்பித்தார்.

நான் வீட்டு வாசலில் கால் வைப்பதற்குள் அப்பா, "சொன்னியா?" என்றார்.

"சொன்னேம்ப்பா."

"என்ன சொன்னாங்க?"

பொய் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைத்தவள் நான்.

"ஒங்கள வரச் சொன்னாங்கப்பா," என்றேன்.

கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"வெள்ளச் சட்டையத் தோச்சுப் போடு. நாளைக்கே போயிருவோம்," என்றார்.