அந்த மூளையில் அது இல்லை

என் இடது உள்ளங்கையில் அரை மூளை இருந்தது. வலது கையில் நுனி மழுங்கிய கம்பி. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எங்கள் உடற்கூறியல் துறையின் மூத்த பேராசிரியர். மற்றவர் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர். முதலாமாண்டு மருத்துவப் படிப்பின் கடைசி வாய்மொழித் தேர்வு அது. தொண்ணூறுகளின் பிற்பகுதி, திருவனந்தபுரம்.

மூளையை நடுவே நேராகப் பிளந்தால் உட்பக்கம் முழுக்கத் தெரியும். மேலே வெள்ளையாக வளைந்து போகும் தடித்த நரம்புக் கத்தை. பின்னால், கிளைவிட்ட மரம் போலச் சிறுமூளையின் வெட்டுமுகம். நடுவில் புறா முட்டை அளவில் தலாமஸ். இடது பாதியில் ஒன்று, வலது பாதியில் ஒன்று. இரண்டுக்கும் இடையே குறுகலான சந்து. அந்தச் சந்தைத் தாண்டி ஓரிடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிளக்கும்போது கத்தி அந்த ஒட்டையும் அறுப்பதால், தலாமஸின் உட்சுவரில் சின்ன வட்டமாக அதன் வெட்டு தெரியும்.

"அந்த ஒட்டைக் காட்டு" என்றார் பேராசிரியர். தேர்வு முழுவதும் ஆங்கிலத்தில்தான் நடந்தது.

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கம்பியால் தடவிப் பார்த்தேன். சுவர் ஈரமான கூழாங்கல் போல வழவழவென்று இருந்தது.

"இந்த மூளையில் அது இல்லை, சார்."

"இல்லையா? அப்படியானால் நீ இப்போது கிழித்திருக்கிறாய்."

"கிழிந்திருந்தால் அந்த இடம் பிசிறாக இருக்கும் சார். தொட்டுப் பாருங்கள்."

நான் நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியவில்லை என்று சொல். அடுத்த கேள்விக்குப் போகலாம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றுகூட அப்போது தோன்றியது. ஒரு வார்த்தை போதும், மேலே போயிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

"தெரியும் சார். இதில் இல்லை."

அவர் பக்கத்திலிருந்தவரிடம் மலையாளத்தில், மெதுவாகக்கூட இல்லை, சொன்னார்: "இந்தப் பாண்டிகளுக்கு வாசி கூடுதலாணு." வாசி என்றால் பிடிவாதம். பாண்டி என்றால் தமிழர்கள், நாங்கள். பள்ளியில் முதல் வகுப்பிலிருந்து கேட்ட சொல்தான். அந்த அறையிலும் கேட்பேன் என்று நினைக்கவில்லை. வெளியூர்க்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஃபெயில். அன்று மத்தியானமே சொல்லிவிட்டார்கள்.

ஃபெயிலானவர்கள் ஆறு மாதம் கழித்துத் திரும்ப எழுத வேண்டும். 'அடிஷனல் பாட்ச்' என்று பெயர். கூடப் படித்தவர்கள் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு வார்டுக்குப் போவார்கள். நாங்கள் பிணங்களோடு அங்கேயே இருப்போம்.

அப்பா பழவங்காடியில் ஒரு ஹோட்டலில் சமையல் மாஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர்; மகளை 'ஏளா' என்றுதான் கூப்பிடுவார். அன்று சாயங்காலம் ஸ்ரீவராகத்து வாடகை வீட்டில் நடந்ததைச் சொன்னேன்.

"ஏளா, தெரியலன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சா போவ?"

"எனக்குத் தெரியும்பா."

"தெரிஞ்சு என்னத்தக் கண்ட? ஆறு மாசம் போச்சுல்லா?"

நான் சாப்பிடாமல் எழுந்தேன். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதன்பின் நானும் அப்பாவும் ஒரு வாரம் பேசவில்லை.

நான் அழுதேனா என்று பின்னாளில் பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. கோபம் வந்தால் எனக்குப் பசிக்காது, அவ்வளவுதான். மறுநாளே பஸ் ஏறிப் பிணக்கூடத்துக்குப் போனேன்.

அங்கே ஓர் உதவியாளர் இருந்தார். நாகர்கோவில்காரர், ஐம்பது வயதுக்கு மேல். மண்டையோட்டை அறுத்து மூளையை எடுப்பதும், நீளமான கத்தியால் அதை ஒரே இழுப்பில் இரண்டாகப் பிளப்பதும் அவர் வேலை. யாரிடமும் அதிகம் பேசமாட்டார். அந்த மூளையைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றேன்.

"பரீச்ச கழிஞ்சாச்சுல்லா? இனி எதுக்கு?"

"அது கிழிஞ்சிருக்குன்னு சார் சொன்னாரு அண்ணே."

துடைத்துக்கொண்டிருந்த மேசையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஆரு வெட்டுனது கிழிஞ்சிருக்கு? நான் வெட்டுனதா?"

"நான் கிழிச்சேன்னுதான் சொன்னாரு."

"நீ கம்பி வச்சா கிழியுற மாதிரி நான் பதப்படுத்தமாட்டேன், மோளே. வா இங்க."

வாளியின் மூடியைத் திறந்தார். ஃபார்மலின் நெடியில் கண் எரிந்து இருவருக்கும் நீர் வழிந்தது. ஒவ்வொரு பாதியிலும் அவர் நூலில் எண் கோத்துக் கட்டியிருந்தார். பரீட்சையில் எனக்குக் கொடுத்த பாதியை எண் பார்த்து எடுத்துத் தட்டில் வைத்தார். இன்னொரு வாளியில் முழங்கைவரை துழாவி அதே எண்ணுள்ள மறுபாதியையும் எடுத்தார். தேர்வில் எனக்குத் தோன்றாதது அது. ஒட்டு இருந்து கிழிந்திருந்தால் இரண்டு பாதியில் ஏதாவது ஒன்றிலாவது அதன் மிச்சம் இருக்க வேண்டும்.

இரண்டு சுவர்களும் வழவழவென்று இருந்தன.

"கண்டா?" என்றார். அவர் குரலில் என்னைவிடக் கோபம் இருந்தது.

அன்றிலிருந்து மத்தியான வேளைகளில் அவர் வாளிகளைத் திறந்துகொடுத்தார். நான் ஒவ்வொரு மூளையையும், இரு பாதிகளையும் சேர்த்து, நோட்டில் வரைந்தேன். பெரும்பாலானவற்றில் ஒட்டு இருந்தது. சிலவற்றில் பட்டாணி அளவில், ஒன்றில் பெருவிரல் நகத்தளவில். என் பரீட்சை மூளையைத் தவிர இன்னும் இரண்டில் இல்லவே இல்லை. வரைய வரைய ஒன்று புரிந்தது. அதுவரை நான் மூளையைப் படத்தில்தான் படித்திருந்தேன், கையில் வைத்திருந்தபோதும்கூட. ஒரு மூளையின் மடிப்பு இன்னொன்றில் அதே இடத்தில் இல்லை. இவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனி ஆட்களாக இருந்திருக்கிறார்கள்.

ஒரு நாள் வீட்டுச் சாவி வாங்க ஹோட்டலின் பின்கட்டுக்குப் போனேன். அப்பா சாயங்காலக் கூட்டத்துக்குப் போண்டா போட்டுக்கொண்டிருந்தார். சாவியைக் கொடுக்காமல் கேட்டார்.

"அந்த மண்டைக்குள்ள அப்படி என்னதுளா இல்ல?"

சொன்னேன். இரண்டு உருண்டை, நடுவில் சந்து, தொடும் இடத்தில் ஓர் ஒட்டு. அவர் ஜல்லிக்கரண்டியால் சட்டியிலிருந்து இரட்டையாக ஒட்டிக்கொண்ட போண்டாவைத் தூக்கினார்.

"இப்படியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"கிட்ட விழுந்தா ஒட்டும். தள்ளி விழுந்தா ஒட்டாது. ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி வரும்." கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினார். "இதுக்கா உன்ன ஃபெயில் போட்டான் அவன்?"

"ஆமா."

"அப்ப விடாத."

நோட்டை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனேன். நின்றபடியே விரித்துக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. "படம் வரைந்த நேரத்தில் படித்திருக்கலாம்" என்றார். நோட்டை மூடி எடுத்துக்கொண்டேன். கதவைச் சாத்தாமல் வந்தேன். அந்த வயதில் அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

ஆறு மாதம் கழித்து அதே மேசை. பேராசிரியர் அதே நாற்காலியில். வெளியூர்த் தேர்வாளர் மட்டும் வேறு ஆள், ஒரு பெண்மணி. நரைத்த கூந்தலை இறுக்கிப் பின்னியிருந்தார். அவர்தான் அரை மூளையை என் கையில் வைத்தார். தலாமஸைக் காட்டச் சொன்னார், காட்டினேன். ஒட்டைக் காட்டச் சொன்னார். இந்த மூளையில் அது இருந்தது. கம்பியை அதன்மேல் வைத்தேன்.

"சரி" என்று அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார்.

"மேடம், சிலருக்கு இது இருக்காது."

கேட்காமலே சொன்னேன். பேராசிரியரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஆமாம், இருக்காது. அதனால் அவர்களுக்கு ஒரு கேடும் இல்லை" என்றார் அந்த அம்மா, மழை பெய்கிறது என்பது போல. "நீ பார்த்திருக்கிறாயா?"

"மூன்று பார்த்தேன், மேடம். ஒன்று போன பரீட்சையில்."

அவர் திரும்பிப் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் மதிப்பெண் தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அந்த அம்மா அடுத்த மாதிரியை என் பக்கம் நகர்த்தினார்.

பாஸ் ஆனேன். வீட்டில் பாயசம் வைத்தார்கள். எனக்கு அது போதவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனேன். முந்தைய தேர்வில் நான் மாதிரியைக் கிழிக்கவில்லை, இரு பாதிகளையும் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்று ஆங்கிலத்தில் நான்கு வரி. துறை அலுவலகத்தில் இருந்தவர் படித்துவிட்டுச் சிரித்தார். இதற்கெல்லாம் ரூல் கிடையாது என்றார். ரூல் கிடையாது என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் எழுந்து பேராசிரியர் அறையைக் காட்டினார்.

பேராசிரியர் விண்ணப்பத்தை இருமுறை படித்தார்.

"பாஸாகிவிட்டாயே. இனி உனக்கு என்ன வேண்டும்?"

"ஆறு மாசம் திரும்ப வராது சார். அது தெரியும். நான் கிழிச்சேன்னு மட்டும் இருக்கக் கூடாது."

மலையாளத்தில்தான் சொன்னேன். அவருக்கு முன்னால் நான் மலையாளம் பேசியது அதுவே முதல்முறை. அவர் பேனாவை எடுத்து ஓரத்தில் 'பார்த்தேன்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை.

அந்த வாரமே வார்டில் சேர்ந்தேன். என்னுடன் தொடங்கியவர்கள் ஆறு மாதம் முன்னால் போயிருந்தார்கள். படிப்பு முடியும்வரை அந்த இடைவெளி அப்படியேதான் இருந்தது. கேட்டவர்களிடமெல்லாம் நான் அடிஷனல் பாட்ச் என்று சத்தமாகவே சொன்னேன்.