பைப்லைன்மேல் உட்கார்ந்த தையல்காரி

இரண்டு டவுன்களுக்கு நடுவில் கிடந்த அந்த இருபது வீடுகளை எந்த நகராட்சியும் தன்னுடையது என்று ஒத்துக்கொண்டதில்லை. ரோடு குழியானால் கிழக்கு டவுன் மேற்கைக் கைகாட்டும், மேற்கு கிழக்கைக் கைகாட்டும். இரண்டு டவுன் பள்ளிப் பிள்ளைகளுக்கும் யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிற தையல்காரிக்கு இதில் தீராத ஆத்திரம். "சட்டைக்கு மட்டும் நாங்க வேணும்" என்பாள்.

டவுனுக்கு டவுன் போகிற குடிநீர் பைப்லைன் அவள் வாசலை ஒட்டித்தான் போனது. அதில் ஒரு சொட்டுக்கும் இவர்களுக்குப் பாத்தியதை இல்லை. போன வருஷம் ஒரு இணைப்பில் கசிவு கண்டது. அன்றிலிருந்து இருபது வீட்டுக் குடமும் அங்கேதான் நிரம்பியது. மனு கொடுத்தும் கிடைக்காததைத் துரு கொடுத்தது.

அதை அடைக்க நகராட்சி அனுப்பிய ஆள் யாரென்றால், அவளுடைய சொந்த மருமகன். கிழக்கு டவுன் நகராட்சியில் பிளம்பர். ஸ்பானரோடு வந்தவனைப் பார்த்ததும் அவள் தையல் மெஷினை வெளியே இழுத்துப்போட்டு, அந்த இணைப்பின்மேலேயே உட்கார்ந்து தைக்க ஆரம்பித்துவிட்டாள். சேலை தொப்பலாக நனைந்தது. அவள் அசையவில்லை.

"எழுந்திருங்க அத்தை. கசிவை நிறுத்தலைன்னா என் வேலை போயிடும்."

"நிறுத்தினா எங்க தண்ணி போயிடும், மாப்பிள்ளை. ஒரு குழாய் வெச்சுக் கொடுத்துட்டு அடைங்க."

"அதுக்கு ஆர்டர் இல்லை."

"வைக்கக் கூடாதுன்னு ஆர்டர் இருக்கா?"

மாமியாரிடம் வாய் கொடுத்து அவன் என்றைக்கு ஜெயித்தான்? தலையைச் சொறிந்தான். பிறகு வால்வை மூடி, பையிலிருந்து ஒரு பித்தளைக் குழாயை எடுத்தான். அவள் எழுந்துகொள்ள, கசிந்த இடத்திலேயே அதை மாட்டினான். கசிவு நின்றது. வால்வைத் திறந்து குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டியது.

மறுநாள் மேலதிகாரி அவனையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினார். "யாரைக் கேட்டு வெச்சே?"

அவன் வாயைத் திறக்குமுன் தையல்காரி முந்திக்கொண்டாள். "நான்தான் வைக்கச் சொன்னேன்."

"இந்த இடம் எங்க எல்லையிலேயே வராதும்மா."

"அதைத்தான் இத்தனை வருஷமா சொல்றீங்க. அப்போ உங்க அதிகாரமும் இங்க வராது சார்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "கழட்டுய்யா அதை" என்று மருமகனிடம் பாய்ந்தார்.

குடங்களோடு ஒவ்வொரு வீடாக வெளியே வந்து நின்றது. மருமகன் அவர்களைப் பார்த்தான், மாமியாரைப் பார்த்தான். அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஸ்பானரை அதிகாரி கையில் கொடுத்தான்.

"நீங்களே கழட்டிக்கங்க சார்."

அவர் ஸ்பானரை ஜீப்புக்குள் விட்டெறிந்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். ஜீப் கிளம்பியது. மருமகன் ஏறவில்லை.