கந்தோர்க்காரர் தந்த பிறந்தநாள்

இந்த நினைவு மலரின் அட்டையில், அம்மாவின் படத்துக்குக் கீழே 'மறைவு' என்ற இடத்தில் திகதி இருக்கிறது. 'தோற்றம்' என்ற இடத்தில் ஒன்றுமில்லை. அச்சகத்தார் மீது பழி போடாதீர்கள். பிழை பிள்ளைகளாகிய எங்களுடையது. அம்மாவின் பிறந்தநாள் என்று உங்களைச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டு, அவர் எப்போது பிறந்தார் என்றே எங்களுக்குத் தெரியாது என்று எழுதுகிறேனே, இதைவிட வெட்கக்கேடு வேறென்ன இருக்கிறது!

அம்மா கட்டைபறிச்சானில் வயல் செய்யும் குடும்பம் ஒன்றில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தவர். எங்களுக்கு விவரம் தெரியும் முன்பே அப்பா காலமாகிவிட்டார். பிரச்சினை நாட்களில் வீடும் எரிந்துபோக, அம்மா எங்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு திருகோணமலை நகருக்கு வந்தார். விடிய லோஞ்சுப் படகில் மூதூருக்குப் போய் மரக்கறி வாங்கி வந்து, நகரச் சந்தையில் விற்றார். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் லோஞ்சில் அவருக்குக் குமட்டிக்கொண்டு வரும். அதற்காக ஒருநாளும் போகாமல் இருந்ததில்லை.

அம்மா அமைதியே உருவானவர் என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். "கத்தரிக்காயைக் கிள்ளிக் கிள்ளிப் பாக்கிறீங்களே, உங்கட மூக்கை ஆரும் கிள்ளினா விடுவீங்களோ?" என்று அவரிடம் பேச்சு வாங்கியவர்கள் இன்று இந்தப் பந்தியிலும் இருக்கிறீர்கள். அந்தக் குரலால்தான் அண்ணன் பொறியியலாளராகவும், நான் ஆசிரியையாகவும், தங்கை தாதியாகவும் ஆனோம்.

எங்கள் பிறந்தநாட்களை அம்மா நட்சத்திரம் பார்த்துத்தான் கொண்டாடுவார். விடிய எழுப்பித் தலையில் தண்ணீர் வார்த்து, கோயிலுக்குக் கூட்டிப்போய் அருச்சனை செய்விப்பார். நாங்கள் உழைக்கத் தொடங்கிய பிறகு, அம்மாவின் அடையாள அட்டையில் இருந்த திகதியில் அவருக்குக் கேக் வெட்டத் தொடங்கினோம். இன்று உங்களை அழைத்திருப்பதும் அந்தத் திகதியில்தான். ஒருமுறை கத்தியைக் கையில் பிடித்தபடி அம்மா சொன்னார்: "உது கந்தோர்க்காரர் தந்த பிறந்தநாள். பிறப்புப் பத்திரம் வீட்டோட எரிஞ்சு போச்செல்லோ. அட்டை எடுக்கக் கந்தோருக்குப் போகேக்க நான் மாசமும் நட்சத்திரமும் சொன்னனான். அவருக்குத் திகதிதான் வேணுமாம். தானே ஒண்டைப் போட்டிட்டார்."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். "அப்ப அவருக்கும் ஒரு துண்டு எடுத்து வையுங்கோ" என்று கனடாவிலிருந்து வீடியோவில் அண்ணன் பகிடி விட்டார். எந்த மாதம், எந்த நட்சத்திரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு கந்தோர்க்காரருக்குச் சொன்னதை எங்களுக்கும் சொல்லத்தான் அம்மா வாய் திறந்தாரோ என்னவோ, நான் கேக்கை அவர் வாயில் திணித்துவிட்டேன்.

இந்த வருடம் அம்மா வைத்தியசாலையில் கிடந்தபோது, அவர் பெயருக்கு அருச்சனை செய்யக் கோயிலுக்குப் போனேன்.

"அம்மாட நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார் ஐயர்.

எனக்குத் தெரியாது. அங்கே நின்றபடியே தங்கைக்குப் போன் அடித்தேன், அண்ணனுக்கு அடித்தேன். இருவருக்கும் தெரியாது.

"உங்கட மூண்டு பேற்ற நட்சத்திரமும் எனக்கு மனப்பாடம், பிள்ளை" என்றார் ஐயர். "தன்ர பேருக்கு அவ ஒருநாளும் செய்விச்சதில்லை. பரவாயில்லை, சுவாமி பேருக்குச் செய்வம்."

தட்டை வாங்கும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேரே வைத்தியசாலைக்கு ஓடினேன். அம்மா அரை மயக்கத்தில் இருந்தார். காதருகில் குனிந்து, "அம்மா, நட்சத்திரம் என்னம்மா?" என்று கேட்டேன். இரண்டு முறை கேட்ட பிறகு, "ரேவதி" என்றார். அது என்னுடைய நட்சத்திரம். பிறகு அம்மா பேசவில்லை.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அயலவருக்கும், இன்று குசினியில் நின்று சமைத்துத் தந்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. அம்மாவுடன் சேர்ந்து வியாபாரம் செய்த, அவர் 'ராத்தா' என்று அக்காமுறை சொல்லி அழைத்த மூதூர் மாமிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். செத்த வீட்டில் அவரிடமும் கேட்டேன். "ஒருநாள் லோஞ்சுக்க எனக்குக் கச்சான் கடலை வாங்கித் தந்து, 'இண்டைக்கு என்ர பிறந்தநாள் ராத்தா' எண்டு சொன்னா. நல்ல மழை. என்ன நாளெண்டு எனக்கு நினைவில்லையே மகள்" என்று அழுதார். எங்களிடம் அம்மா ஒரு கச்சானுக்கும் கேட்டதில்லை.

அம்மாவோடு கூடப்பிறந்த எவரும் இன்று இல்லை. ஆனால் கட்டைபறிச்சானில் அவரோடு விளையாடியவர்கள், பள்ளிக்கூடம் போனவர்கள் உங்களில் இருப்பீர்கள். அம்மா பிறந்த மாதமும் நட்சத்திரமும் தெரிந்தவர்கள், தயவுசெய்து சாப்பிட்டுவிட்டுப் போகுமுன் எங்களில் ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் பெயருக்குச் செய்ய இனி அருச்சனை இல்லை. இந்த மலரின் அட்டையில் மட்டும் இடம் விட்டிருக்கிறோம்.